பொழுது சாய்ந்தால் பேச்சு போகும் நோய்

நீளமான பதிவுங்க. மெதுவா படிங்க. வீட்டுக்காரருக்காகவோ வீட்டம்மாவுக்காகவோ ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலையறவங்க இருந்தா, அவங்க மட்டும் இன்னைக்கே படிச்சிடுங்க.

1672. இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற மருத்துவர் லத்தீனில் ஒரு புத்தகம் போடுகிறார். மூளைக்கு அடியில் ரத்தக்குழாய்கள் வட்டமாகச் சேர்கிற இடத்துக்கு இன்னைக்கும் இவர் பெயர்தான். அந்தப் புத்தகத்தில் ஒரு பெண்மணியைப் பற்றிச் சில வரிகள் வருது. காலையில் நல்லா இருப்பாங்க. நேரம் போகப் போகக் கைகால் ஓயும். கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போலப் பேசினால் குரல் அப்படியே நின்னு போயிடும். ஒரு மணி, ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் திரும்பும்.

மயஸ்தீனியா கிரேவிஸ் என்ற நோயைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய குறிப்புகளில் இது ஒண்ணு. என்ன நடக்குதுன்னு இப்போ தெரியும். நரம்பின் நுனியிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சுரந்து, தசையில் இருக்கிற ஏற்பிகளில் போய் ஒட்டினால்தான் தசை சுருங்கும். கிருமியோடு சண்டை போட வேண்டிய நம்ம எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறாட்டத்தில் அந்த ஏற்பிகளையே அடைச்சு அழிக்குது. ஓய்வெடுத்த தசைக்கு மிச்சமிருக்கிற ஏற்பிகளே போதும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது சுரக்கிற அளவும் குறையும், தசை நின்னுடும். அதனால கண் இமை தொங்கும், ரெண்டு ரெண்டாகத் தெரியும், பாதிச் சாப்பாட்டில் தாடை ஓயும், குரல் மூக்கால் வரும்.

இதில் ஒரு கொடுமை இருக்கு. எங்க ஓபி நடக்கிறது காலையில். பெஞ்சில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து ஓய்வெடுத்துட்டுத்தான் நோயாளி உள்ளே வர்றார். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னா தூக்குவார். "எல்லாம் நார்மல்"னு எழுதி அனுப்பிடுவாங்க. அதே ஆள் சாயங்காலம் எப்படி இருக்கார்னு பார்க்கிறது வீட்டில் இருக்கிறவங்க மட்டும்தான்.

1877-ல் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் சாமுவேல் வில்க்ஸ் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கார். பார்க்க ஆரோக்கியமா இருந்த பொண்ணு, உடம்பெல்லாம் பலமில்லைன்னு வந்தது. ஹிஸ்டீரியான்னு நினைச்சாங்க. அப்புறம் பேச்சு குழறி, விழுங்க முடியாம, மூச்சு நின்னு செத்துப் போச்சு. மூளையை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாங்க. ஒண்ணுமே இல்லை. கண்ணுக்குத் தெரியற சேதம் எதுவும் இல்லாத இடத்தில் "மனசுதான் காரணம்"னு முத்திரை குத்துற பழக்கம் எங்க தொழிலில் ரொம்பப் பழசு. பொம்பளைன்னா முத்திரை இன்னும் சீக்கிரம் விழும்.

அடுத்த இருபது வருஷத்தில் ஜெர்மனியில் எர்ப், வார்சாவில் கோல்ட்ஃபிளாம் ஆகியோர் இதைத் தனி நோயாக விவரிச்சாங்க. 1895-ல் பெர்லினில் யோலி தசைக்கு விட்டு விட்டு மின்சாரம் கொடுத்து, சுருக்கம் படிப்படியாகக் குறையறதைக் காட்டினார். நோய்க்குப் பெயர் வச்சதும் அவர்தான். இன்னைக்கு நரம்பியல் லேபில் செய்யற டெஸ்டுக்கு வேர் அங்கேதான் இருக்கு.

பெயர் கிடைச்சது, மருந்து கிடைக்கலை. 1930-ல் ஹாரியட் எட்ஜ்வொர்த் என்ற அமெரிக்க விஞ்ஞானி, தானே இந்த நோயாளி, வேறொரு காரணத்துக்காக எபிட்ரின் எடுத்தப்போ உடம்பில் பலம் கூடுறதைக் கவனிச்சு எழுதினார். சுமாரான மருந்துதான். ஆனா கவனிச்சது நோயாளியேங்கிறதை நான் அடிக்கோடு போட்டு வச்சிருக்கேன்.

அப்புறம் வர்றவர் மேரி வாக்கர். லண்டன் கிரீனிச்சில் செயின்ட் ஆல்ஃபீஜ்ஸ் ஆஸ்பத்திரியில் சாதாரண உதவி மருத்துவர். ஏழைபாழைகள் வர்ற ஆஸ்பத்திரி அது. அங்கே பார்க்க வந்த நரம்பியல் மருத்துவர் டென்னி பிரௌன், இந்த நோய் க்யூராரே விஷம் ஏறின மாதிரி இருக்குன்னு பேச்சுவாக்கில் சொல்றார். க்யூராரே, தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவுறது. வாக்கர் யோசிக்கிறார்: அந்த விஷத்துக்கு முறிவு பைசோஸ்டிக்மின்தானே, அதைக் கொடுத்துப் பார்த்தா என்ன? 56 வயசு நோயாளி ஒருத்தருக்கு ஊசி போடுறார். தொங்கின இமை மேலே ஏறுது. சில மணி நேரத்தில் திரும்ப இறங்கிடுது, இருந்தாலும் ஏறுச்சே! 1934 ஜூனில் லேன்செட் இதழில் வெளியாச்சு. பெரிய ஆஸ்பத்திரியின் பெரிய மனுஷங்க சட்டுனு நம்பிடலை. இன்னைக்கு நாங்க கொடுக்கற பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அந்த ஊசியின் வாரிசுதான்.

விஷம்னு சொன்னதும் நம்ம ஊருக்கு வரலாம். ராமநதிப் பக்கம் வயக்காட்டு வேலை செய்யறவங்களுக்குக் கட்டுவிரியனைத் தெரியும். தரையில் படுத்திருக்கும்போது ராத்திரி கடிக்கும், கடிவாயில் பெருசா வலி கூட இருக்காது. விடியும்போது இமை தொங்கி, பேச்சு குழறும். மயஸ்தீனியா அடிக்கிற அதே நரம்பு-தசைச் சந்திப்பைத்தான் அந்த விஷமும் அடிக்குது. கட்டுவிரியனின் தைவான் சொந்தக்காரப் பாம்பு ஒண்ணு உண்டு. அதன் விஷத்திலிருந்து 1963-ல் சாங், லீ என்ற இருவர் ஒரு நஞ்சைப் பிரிச்சாங்க. தசையின் ஏற்பியில் போய் ஒட்டினா விடவே விடாது. அதை வச்சு ஏற்பிகளை எண்ணலாம்!

1973-ல் ஃபாம்ப்ரோ, டிராக்மேன், சத்தியமூர்த்தி மூணு பேரும் அப்படி எண்ணிப் பார்த்து, மயஸ்தீனியா நோயாளியின் தசையில் ஏற்பிகள் ரொம்பக் குறைவுன்னு காட்டினாங்க. (மூணாவது பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.) அதே வருஷம் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் மின்சார விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டாங்க. முயல்கள் அதற்கு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கி, நம்ம நோயாளிகள் மாதிரியே தளர்ந்து விழுந்தன. 1960-லேயே ஜான் சிம்ப்சன் இது தன்னுடல் தாக்கு நோயாகத்தான் இருக்கும்னு ஊகிச்சு எழுதியிருந்தார். உடம்பு தன்னையே தாக்காதுங்கிற பால் எர்லிக் காலத்து நம்பிக்கை உடைஞ்சே அப்போ கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. 1976-ல் ரத்தப் பரிசோதனை வந்தது.

கணக்குப் போடுங்க. வில்லிஸிலிருந்து ரத்தப் பரிசோதனை வரைக்கும் 304 வருஷம். அத்தனை காலமும் நோயாளியும் கூட இருந்தவங்களும் சொன்னதுதான் பெரிய ஆதாரம்.

இப்போ டெஸ்ட் இருக்கே, இனி எதுக்கு வீட்டுக்காரர் பேச்சு? இருக்குங்க. உடம்பு முழுக்கப் பரவின மயஸ்தீனியாவிலேயே நூத்துக்குச் சுமார் எண்பத்தஞ்சு பேருக்குத்தான் அந்த டெஸ்ட் பாசிட்டிவ். கண்ணோடு நிற்கிற வகையில் பாதிப் பேருக்கு நெகட்டிவ் வரும். மஸ்க் என்ற இன்னொரு எதிர்ப்பொருளை 2001-லதான் கண்டுபிடிச்சாங்க. ரெண்டும் இல்லாதவங்களும் இருக்காங்க. ரிப்போர்ட் நார்மல்னா நோய் இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

கடையம் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு அக்காவை உதாரணத்துக்கு எடுத்துக்கோங்க. காலையில் தட்டை மடியில் வச்சா விரல் பறக்கும். மத்தியானத்துக்கு மேல் இலை நழுவும். தலைசீவக் கையைத் தூக்கினா பாதியில் இறங்கிடும். பக்கத்து வீட்டில் என்ன சொல்லுவாங்க? "காலையில கடைக்குப் போயிட்டு வாரா, பொழுதடைஞ்சா படுத்துக்கிடுதா. வேலைக்கு ஒடம்பு வணங்கல." சில வீட்டில் சாமியாடியிடம் கூட்டிப் போவாங்க. கண்ணு சொருகுதுல்லா!

அந்த அக்காவின் புருஷன் எங்ககிட்ட என்ன சொல்லணும்? "ரொம்ப டயர்டா இருக்கா டாக்டர்"னா எங்க காதில் ஏறாது. ஓபிக்கு வர்ற பாதிப் பேர் அதைத்தான் சொல்றாங்க. நேரத்தைச் சொல்லணும். காலை ஏழு மணிக்கு முகத்தை ஒரு ஃபோட்டோ, சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு ஃபோட்டோ, நாலஞ்சு நாளுக்கு. சாப்பிடும்போது எப்போ தாடையைக் கையால் தாங்கிப் பிடிக்கிறாங்கன்னு ஒரு வீடியோ. பீடிக்கடை பாஸ் புக்கையும் கொண்டு வாங்க. மாசாமாசம் எண்ணிக்கை எப்படி இறங்குதுன்னு அதில் தேதியோட இருக்கும்.

இன்னொண்ணு. ஆண்களே, இதை மட்டும் கோபப்படாமக் கேளுங்க. டாக்டர் அவங்களைக் கேள்வி கேட்டா நீங்க முந்திக்கிட்டுப் பதில் சொல்லாதீங்க. இந்த நோயில் பேசப் பேசத்தான் குரல் மூக்குக்குப் போகும், வார்த்தை குழையும். நீங்க இடையில் புகுந்து பேசிட்டா அவங்க குரலுக்கு ஓய்வு கிடைச்சிடும், நாங்க பார்க்க வேண்டிய அறிகுறி காணாமப் போயிடும். சத்தமா ஒண்ணுலேர்ந்து ஐம்பது வரை எண்ணச் சொல்லுங்க. நின்னா நிக்கட்டும். அவங்களால முடியாமப் போற இடத்திலிருந்து நீங்க ஆரம்பிங்க.

கடையம் செல்லம்மா பிறந்த ஊர். பாரதி போன பிறகு அவர் பாட்டுகளைப் புத்தகமாக்க முன்னால் நின்றவர் அவர். துணைக்காகப் பேசறது அந்த மண்ணுக்குப் புதுசு இல்லைன்னு சொல்ல வந்தேன், அவ்வளவுதான்.

"மனசைத் தைரியமா வச்சுக்கோங்க"ன்னு வைட்டமின் ஊசியோட யாராவது அனுப்பினா சண்டை போட வேணாம். "டாக்டர், மயஸ்தீனியாவா இருக்குமா, நரம்பியல் பிரிவுக்கு எழுதிக் கொடுங்க"ன்னு நேராக் கேளுங்க. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். தொங்கின இமையில் ரெண்டு நிமிஷம் ஐஸ் வச்சுப் பார்க்கறது, நியோஸ்டிக்மின் ஊசி போட்டுப் பார்க்கறது, நரம்பு டெஸ்ட், எல்லாம் பழைய வழிகள்தான், இன்னும் உதவுது. நோய் உறுதியானா தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கான்னு நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுக்கணும்.

நோய் தெரிஞ்ச பிறகும் உங்க வேலை முடியாது. ஜெண்டாமைசின், அமிக்காசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், மெக்னீசியம் ஊசி, ப்ரொப்ரனலால் மாதிரியானவை இந்த நோயைச் சட்டுனு முற்ற வைக்கலாம். காய்ச்சல்னு போனாலும், பல் பிடுங்கப் போனாலும், பிரசவ வார்டிலும், "இவங்களுக்கு மயஸ்தீனியா இருக்கு"ங்கறதை முதல் வார்த்தையாச் சொல்லுங்க. ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வச்சிருங்க. தண்ணி குடிச்சா மூக்கால் வருது, எச்சிலை விழுங்க முடியலை, படுத்தா மூச்சு முட்டுதுன்னா விடியட்டும்னு இருக்காதீங்க. ராத்திரி எத்தனை மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு, வென்டிலேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டு போகச் சொல்லுங்க.