வளர்ப்பு நாய்களுக்குத் தடுப்பூசி: ‘ஆண்டுக்கு ஒருமுறை’ என்ற வழக்கத்தின் வரலாறு

வீட்டில் வளர்க்கும் நாய்க்கு எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை தடுப்பூசி போட வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் ‘ஆண்டுக்கு ஒருமுறை’ என்று தயங்காமல் சொல்வார்கள். இந்த விடை எங்கிருந்து வந்தது, அது எல்லா நோய்களுக்கும் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் பொருள். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றிய இந்த வழக்கம், 1978 முதல் கேள்விக்கு உள்ளாகி, 2003-க்குப் பின் பல நாடுகளில் சில நோய்களுக்கு மட்டும் மாற்றப்பட்டது. வெறிநோய் எனப்படும் ரேபிஸ் நோய்க்கோ அந்த மாற்றத்தை அப்படியே பொருத்த முடியாது. இந்த வேறுபாட்டை அறியாமல் ‘ஆண்டுதோறும் ஊசி தேவையில்லை’ என்று முடிவு செய்தால், அது நாயின் உயிரோடு மனித உயிரையும் பறிக்கக்கூடும்.

தொடக்கக் காலம்

1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு லூயி பாஸ்டர் பாரிஸ் நகரில் தடுப்பு மருந்து செலுத்தச் செய்தார். இது பாடநூல்களில் இடம்பெறும் செய்தி. அதற்கு முன்பே அவர் நாய்களுக்கு அம்மருந்தைச் செலுத்தி, அவற்றுக்கு நோய் வராமல் தடுத்துக் காட்டியிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பிரெஞ்சு அரசு அமைத்த குழு ஒன்று 1884-இல் அந்தச் சோதனைகளை ஆராய்ந்தது.

இருப்பினும் அடுத்த சில பத்தாண்டுகளில் முயற்சி முழுவதும் கடிபட்ட மனிதர்களைக் காப்பதிலேயே இருந்தது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிலையம் அந்நோக்கத்தில் உருவானதே. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911-இல் உருவாக்கிய தடுப்பூசியும் மனிதர்களுக்கானது. வயிற்றில் பதினான்கு ஊசி என்று நம் பெரியவர்கள் அச்சத்தோடு சொன்னது இந்த மருந்தைப் பற்றித்தான்.

கடிபட்டவரைக் காப்பதைவிடக் கடிக்கும் நாய்க்கே நோய் வராமல் தடுப்பது எளிது என்ற எண்ணத்தைச் செயலில் காட்டியது ஜப்பான். அங்கே உமேனோ, டோய் என்ற இருவர் ஒரே தவணையில் நாய்க்குச் செலுத்தக்கூடிய தடுப்பூசியை உருவாக்கி, 1921-இல் வெளியிட்டனர். நாய்களுக்குப் பெருமளவில் ரேபிஸ் தடுப்பூசி போடும் முறை அங்கிருந்தே தொடங்குகிறது.

டிஸ்டெம்பர் தடுப்பூசி

நாய்க்குட்டிகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற மற்றொரு நோய் டிஸ்டெம்பர். காய்ச்சல், மூக்கு ஒழுகுதல், வயிற்றுப்போக்கு, பின்னர் வலிப்பு என்று இது முற்றும். நுண்வடிகட்டியிலும் தங்காத வைரஸே இதற்குக் காரணம் என்று 1905-இல் ஆன்ரி காரே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் காட்டினார்.

இங்கிலாந்தில் ‘தி ஃபீல்ட்’ என்ற இதழ் 1923-இல் வாசகர்களிடம் நிதி திரட்டி இந்நோய் பற்றிய ஆய்வுக்கு வழிசெய்தது. லெய்ட்லா, டன்கின் என்ற இரு ஆய்வாளர்கள் 1920-களின் இறுதியில் பயன்படத்தக்க தடுப்பூசியை உருவாக்கினர். அந்த ஆய்வில் அவர்கள் பயன்படுத்திய விலங்கு ஃபெரெட் என்னும் கீரி போன்ற சிறு பிராணி. பின்னர் 1933-இல் மனித இன்ஃபுளுவென்சா வைரஸைப் பிரித்தறியவும் அதே பிராணியே உதவியது. நாய்க்காக நடந்த ஆய்வு மனிதருக்கும் பயன்பட்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

‘ஆண்டுக்கு ஒருமுறை’ எப்படி வந்தது?

வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்களைக் கொண்ட தடுப்பூசிகள் 1950-களில் பரவலாயின. அக்காலத்தில் தடுப்பூசி நாயைக் காக்கிறதா என்பதே முதன்மையான கேள்வி. எத்தனை ஆண்டுகள் காக்கும் என்பதை அளந்து பார்க்கும் கட்டாயம் பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு இல்லை. சிலவற்றை ஊசி போட்ட சில வாரங்களிலேயே சோதித்து அனுமதி வழங்கினர். பாதுகாப்பாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில் ‘ஆண்டுதோறும் மீண்டும் போடுக’ என்ற குறிப்பு மருந்துக் குப்பிகளில் இடம்பெற்றது. ஆண்டுக்கொருமுறை நாயை மருத்துவரிடம் காட்டும் பழக்கத்துக்கும் அது பொருந்திப்போனது.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2002-இல் இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. பல தடுப்பூசிகளின் குறிப்பில் காணப்படும் ஓராண்டு இடைவெளி, அறிவியல் அளவீட்டால் அன்றி, பழைய வழக்கத்தாலும் ஒழுங்குமுறை விதிகளாலும் வந்தது என்பதே அச்சங்கத்தின் முடிவு.

மாணவர்கள் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு பாலத்தின் மீது பத்து டன் ஏற்றிச் சோதித்து, ‘பத்து டன் தாங்கும்’ என்று எழுதி வைக்கிறோம். பதினோராவது டன்னில் பாலம் இடிந்துவிடும் என்பது அதன் பொருளன்று. அதற்கு மேல் நாம் சோதிக்கவில்லை என்பதே பொருள். தடுப்பூசிக் குப்பியில் உள்ள காலமும் அப்படித்தான். அது குறைந்தபட்ச உறுதியைச் சொல்கிறதே ஒழிய, பாதுகாப்பு முடியும் நாளைச் சொல்வதில்லை.

பார்வோ நோயின் வருகை

1978-இல் பார்வோ என்ற புதிய வைரஸ் நோய் நாய்களிடையே பல நாடுகளில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெடித்தது. எந்த நாய்க்கும் அதற்கான எதிர்ப்பாற்றல் இருக்கவில்லை. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கில் குட்டிகள் ஓரிரு நாளில் மடிந்தன. பூனைகளுக்கு வரும் நெருங்கிய உறவுடைய நோய்க்கான தடுப்பூசியையே முதலில் நாய்களுக்கும் போட்டுச் சமாளித்தனர். இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1982-இல் சென்னையிலிருந்து பதிவாயிற்று. இன்றும் தடுப்பூசி போடாத குட்டிகளை நம் ஊர்களில் அதிகம் கொல்லும் நோய்களில் இது ஒன்று.

பார்வோ உண்டாக்கிய அச்சம் தடுப்பூசியின் மதிப்பை மக்களுக்கு உணர்த்தியது. ஆண்டு ஊசி என்ற வழக்கமும் அதனால் மேலும் வேரூன்றியது.

கேள்வி எழுந்த காலம்

அதே 1978-இல் ரொனால்ட் ஷுல்ட்ஸ், ஃபிரெட் ஸ்காட் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், குட்டிப் பருவத் தடுப்பூசிகளும் ஓராண்டு நிறைவுத் தவணையும் முடிந்தபின் மூன்றாண்டுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று எழுதினர். அன்று அதைச் செவிமடுத்தவர் சிலரே.

1991-இல் நிலைமை மாறியது. பென்சில்வேனியாவில் பூனைகளுக்கு ஊசி போட்ட இடத்திலேயே புற்றுக்கட்டிகள் தோன்றுவதை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இவை அரிதாகவே தோன்றின. ஆனாலும் ‘கூடுதலாகப் போட்டால் தீங்கு ஒன்றுமில்லை’ என்ற நம்பிக்கை அசைந்தது.

நாய்களைப் பொறுத்தவரை 2005-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வு 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை ஆராய்ந்தது. தடுப்பூசிக்குப் பிந்தைய மூன்று நாட்களில் 10,000 நாய்களுக்குச் சுமார் 38 என்ற அளவில் பக்கவிளைவுகள் பதிவாகியிருந்தன. முகவீக்கம், அரிப்பு, வாந்தி போன்றவை அவற்றுள் அடங்கும். சிறிய உடல் கொண்ட நாய்களுக்கும், ஒரே வருகையில் பல ஊசிகள் பெற்ற நாய்களுக்கும் பாதிப்பு கூடுதலாக இருந்தது. இது தடுப்பூசியை விடுவதற்கான காரணமாகாது. தேவையில்லாத தவணையைத் தவிர்ப்பதற்கு மட்டுமே காரணமாகும்.

ஷுல்ட்ஸ் தொடர்ந்து செய்த ஆய்வுகளில், டிஸ்டெம்பர், பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான உயிருள்ள தடுப்பூசிகள் ஏழு ஆண்டுகள் வரையிலும் நாயைக் காத்தது தெரியவந்தது. 2003-இல் அமெரிக்க விலங்கு மருத்துவமனைகள் சங்கமும், 2007 முதல் உலகச் சிறுபிராணிக் கால்நடை மருத்துவச் சங்கமும் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இம்மூன்று நோய்களுக்கும் மூன்றாண்டு இடைவெளியை ஏற்றன.

குட்டிப் பருவமே அடித்தளம்

இந்த நீண்ட இடைவெளி, குட்டிப் பருவத்தில் ஊசி சரியாகப் ‘பிடித்த’ நாய்களுக்கு மட்டுமே பொருந்தும். சீம்பாலின் வழியாகத் தாயின் எதிர்ப்பொருள்கள் குட்டிக்கு வருகின்றன. அவை சில வாரங்களுக்குக் குட்டியைக் காக்கின்றன. அதே நேரம் தடுப்பூசியிலுள்ள வைரஸையும் செயலிழக்கச் செய்துவிடுகின்றன. அவை எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம் நிறையும் வரை அல்லது அதற்குப் பின்னும் தவணைகள் தொடர்கின்றன.

இந்தக் கடைசித் தவணையே மிக முக்கியமானது. பத்து, பன்னிரண்டு வாரத்திலேயே ‘ஊசி முடிந்தது’ என்று நிறுத்திவிட்டால், அந்தக் குட்டி எதிர்ப்பாற்றல் இல்லாமலேயே வளரலாம். ஆறாம் மாதத்திலோ ஓராண்டு நிறைவிலோ மீண்டும் ஒரு தவணை போடுவது இத்தகைய விடுபாட்டைச் சரிசெய்யவே.

ரேபிஸ் ஏன் தனி?

ரேபிஸ் அறிகுறி தோன்றியபின் மனிதரோ நாயோ பிழைப்பது ஏறத்தாழ இல்லை. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிடப்பட்டுள்ளது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்களால் பரவுவது. கடிபடுவோரில் சிறுவர்கள் அதிகம்.

ரேபிஸ் தடுப்பூசியும் ஓராண்டில் செயலிழப்பதில்லை. அமெரிக்காவில் ‘மூன்றாண்டுத் தடுப்பூசி’ என்ற பெயரைப் பெற, ஊசி போட்டு மூன்றாண்டு ஆனபின் நோய்க்கிருமியைச் செலுத்திச் சோதிக்க வேண்டும். ஊசி போடாத நாய்களில் 80 விழுக்காட்டுக்கு நோய் வர வேண்டும். ஊசி போட்ட 25 நாய்களில் குறைந்தது 22 நலமாக இருக்க வேண்டும். ஆனால் பாதுகாப்பு வாழ்நாள் முழுவதும் நிற்பதும் இல்லை. 2020-இல் வெளியான ஒரு நீண்டகாலச் சோதனையில், ஐந்தாண்டு கடந்தும் பெரும்பாலான நாய்கள் தப்பின. ஏழாண்டை நெருங்கும்போது ஏறத்தாழப் பாதியே தப்பின. அதன்பின் மிகச் சிலவே தப்பின.

ஆகவே ரேபிஸ் தடுப்பூசியின் இடைவெளியை மருந்தின் ஆற்றலோடு நாட்டின் நோய்நிலையும் சட்டமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஜப்பான் 1950-இல் இயற்றிய சட்டப்படி முதலில் ஆண்டுக்கு இரண்டு முறையும், 1985 முதல் ஆண்டுக்கு ஒருமுறையும் ஊசி கட்டாயம். 1957-க்குப் பின் அந்நாட்டு விலங்குகளிடையே ரேபிஸ் பரவவில்லை. ஆனாலும் சட்டத்தை அவர்கள் தளர்த்திவிடவில்லை.

இந்தியாவில் நோய் இன்னும் நீங்காத நிலையில், வளர்ப்பு நாய்களுக்கு ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி போடுவதே நடைமுறை. சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறவும் ரேபிஸ் தடுப்பூசிச் சான்று வேண்டும்.

தெரு நாய்களுக்கு ஆண்டுதோறும் ஊசி போடுவதன் காரணம் வேறு. மருந்தின் ஆற்றல் தீர்வதற்கு முன்பே, ஊசி பெற்ற பல நாய்கள் இறந்துவிடுகின்றன. புதிய குட்டிகள் பிறந்துவிடுகின்றன. ஒரு பகுதியில் 70 விழுக்காடு நாய்களுக்காவது எதிர்ப்பாற்றல் இருந்தால்தான் நோய்ச் சங்கிலி அறும். இந்த அளவைத் தக்கவைக்கவே ஆண்டு முகாம்கள் நடக்கின்றன. கோவா மாநிலத்தில் 2013 முதல் தொடர்ந்து நடந்த இத்தகைய பணியால் நாய்களிடையே ரேபிஸ் 92 விழுக்காடு குறைந்ததாக 2022-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இன்று எப்படி முடிவு செய்வது?

வரலாறு காட்டும் வழியில், ‘எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை’ என்ற கேள்வியை நோய்வாரியாகப் பிரித்துக்கொள்வதே முறை.

1. டிஸ்டெம்பர், பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி: குட்டிப் பருவத் தவணைகளும் அதற்கடுத்த ஊக்கத் தவணையும் முறையாக முடிந்திருந்தால், மூன்றாண்டுக்கு ஒருமுறை போதும் என்பது உலக வழிகாட்டுதல். ஐயம் இருந்தால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்து பார்க்கலாம்.

2. எலிக்காய்ச்சல்: இது பாக்டீரியாவால் வருவது. இதன் தடுப்பூசி செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமிகளால் ஆனது. பாதுகாப்பு சுமார் ஓராண்டே. மழைநீர் தேங்கும், எலி நடமாட்டம் மிகுந்த பகுதிகளில் ஆண்டுதோறும் தேவை. இந்நோய் மனிதருக்கும் பரவும்.

3. ரேபிஸ்: உள்ளூர்ச் சட்டமும் மருந்துக் குறிப்பும் சொல்லும் இடைவெளியைத் தவறவிடக் கூடாது. நம் நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை.

நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் கூட்டுத் தடுப்பூசிகளில் முதல் இரு வகைகளும் ஒன்றாகவே கலந்திருப்பது வழக்கம். எலிக்காய்ச்சல் ஊசி தனியாகக் கிடைக்குமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டறியலாம். ஊசி எந்தத் தேதியில், எந்த மருந்து போடப்பட்டது என்ற பதிவு அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். அந்த அட்டை இல்லாமல் எந்த மருத்துவராலும் இடைவெளியைக் கணக்கிட முடியாது. தடுப்பூசியை 2 முதல் 8 செல்சியஸ் பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். கடையிலிருந்து வெயிலில் கொண்டுவந்த மருந்தைக் காலம் தவறாமல் போட்டும் பயனில்லை.

ஆண்டுதோறும் எல்லா ஊசியும் தேவையில்லை என்றாலும், ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை தேவை. நாயின் ஓராண்டு வாழ்வு மனிதரின் பல ஆண்டுகளுக்கு நிகர். பல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் கோளாறுகள் அந்தப் பரிசோதனையில்தான் தெரியவரும்.

இறுதியாக ஒன்று. தடுப்பூசி போட்ட நாய் கடித்தாலும் அலட்சியம் கூடாது. காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய்க்குப் போட்ட ஊசி எத்தனை ஆண்டு காக்கும் என்ற கணக்கு அந்த நேரத்தில் பார்க்க வேண்டிய கணக்கன்று.