சமவெளி மாந்தரின் நெடுவழி வாணிகம்

எழுத்தும் நாணயமும் வழங்காத மக்களிடத்து நெடுந்தூர வாணிகம் நிகழ்தல் அரிது எனக் கருதுவோர் பலர். வட அமெரிக்கச் சமவெளியின் பூர்வ குடிகளைக் காட்டெருமைக் கூட்டங்களைப் பின்தொடர்ந்து அலைந்த வேட்டுவர் என்றே நூல்கள் பல கூறிவந்தன. அக்கூற்று முற்றும் பொருந்தாது என்பதற்கு, மிசூரி ஆற்றங்கரையில் மண்டான், ஹிடாட்சா மக்கள் அமைத்த ஊர்களே சான்றாகும்.

இன்றைய வட டக்கோட்டா மாநிலத்து நைஃப் ஆற்றுப்புறத்தில் பழுப்பு நிறத் தீக்கல் அகழப்பட்டது. அக்கல்லாலாய கருவிகள், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஒகாயோப் புதைமேடுகளிலும் காணப்பட்டுள்ளன. குதிரை வருமுன் சமவெளியிற் சுமை தாங்கியவை மனிதர் தோளும், நாய்கள் இழுத்த சட்டங்களுமே.

இவ்வூர்களின் செல்வத்துக்கு அடிப்படை பெண்களின் உழவு. அவர்கள் விளைவித்த சோளம், அவரை, பூசணி என்பவற்றை நாடி, வேட்டைக்குடிகள் உலர்ந்த இறைச்சியும் தோலும் கொண்டு வந்தனர். 1738இல் பிரெஞ்சு வணிகரான லா வெராந்திரி, அசினிபொயின் மக்களுடன் இங்கு வந்தார். அந்நூற்றாண்டில், தென்மேற்கே ஸ்பானியரிடமிருந்து பரவிய குதிரையும், வடகிழக்கே ஐரோப்பிய வணிகர் விற்ற துப்பாக்கியும் இச்சந்தைகளிலேயே எதிர்ப்பட்டன. 1804–05ஆம் ஆண்டுக் குளிர்காலத்தை லூயிஸ், கிளார்க் என்போரும் இவ்வூர்களின் அருகே கழித்தனர்.

மொழி வேறுபட்டோரும் பகை கொண்டோரும் எங்ஙனம் கூடிப் பண்டம் மாற்றினர்? கைச்சைகையாலாய பொதுமொழி ஒன்று அவர்க்குத் துணை செய்தது. அதனினும் வலிய கருவி உறவு. புகைக்குழலைப் பகிர்ந்து, அந்நியனை மகனாக ஏற்கும் சடங்கினால் வணிகன் உறவினனானான். உறவினனுக்குத் தீங்கிழைத்தல் தகாது. ஆகவே இவ்வாணிகத்திற் பொருளுக்கு முன் முறைமை சென்றது எனலாம்.

எனினும், செல்வம் வந்த வழியே அழிவும் வந்தது. 1780–82ஆம் ஆண்டுகளில் ஒருமுறையும், 1837இல் நீராவிக் கப்பலொன்றின் வாயிலாக மறுமுறையும் பெரியம்மை பரவியது. பின்னைய நோயில் தப்பிய மண்டான் மக்கள் நூற்றைம்பதின்மர் அளவினரே. எஞ்சியோர் ஹிடாட்சா, அரிக்காரா மக்களுடன் இணைந்தனர். 1950களில் எழுந்த கரிசன் அணை அவர்தம் ஆற்றங்கரை விளைநிலங்களை நீரில் ஆழ்த்திற்று. ஆயினும் இம்மூன்று குடியினரும் இன்றும் ஒரு தேசமாகவே வாழ்கின்றனர். அந்நியரை உறவாக்கி வாணிகம் வளர்த்த அம்மரபே, அழிவின்பின் அவர்களை ஒன்றுசேர்த்த வலிமையுமாயிற்று என்பது மிகையாகாது.