துளையும் குழாயும்: ஃபீடிங் டியூப் சிக்கல்களின் குறியீட்டு வரலாறு - ஒரு மறுவாசிப்பு

ஃபீடிங் டியூப் சிக்கல்களுக்கான அமெரிக்க நோய்க் குறியீடுகளின் வரலாற்றை மெடிக்கல் கோடிங் பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் ஒரே விதமாகச் சொல்கின்றன. 1979இல் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-9-சி.எம். தொகுப்பில், உணவூட்டும் டியூப்புக்காக வயிற்றில் அமைக்கும் இரைப்பைத் துளையின் சிக்கல்களுக்கென்று தனி எண் இல்லை. 1998 அக்டோபரில் 536.4 என்ற தலைப்பு பிறந்தது. 2015 அக்டோபர் 1 முதல் அதன் இடத்தில் ஐ.சி.டி.-10-சி.எம்.மின் கே94.2 வந்தது. படிக்குப் படி வகைகள் பெருகின. வகை பெருகப் பெருக, நோயாளிக்கு நேர்ந்தது மேலும் துல்லியமாகப் பதிவாகிறது என்பது இந்த வாசிப்பின் முடிவு. சென்னையிலும் கோவையிலும் அமர்ந்து அமெரிக்க மருத்துவக் கோப்புகளைக் குறியிடுபவர்கள் பலர் கற்கும் வரலாறும் இதுதான். வகைகள் பெருகியதை மறுப்பதற்கில்லை. அந்தப் பெருக்கம் படுக்கையருகே கண்டதிலிருந்து வந்ததா, பழைய ஏட்டின் அமைப்பிலிருந்து வந்ததா என்பதே கேள்வி. பின்னதற்கே சான்று வலுவாக இருக்கிறது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

வளர்ச்சி வாசிப்புக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். 536.4இன் கீழ் தொற்றுக்கும் இயந்திரவகைச் சிக்கலுக்கும் தனித்தனி எண்கள் இருந்தன. ரத்தக்கசிவு 'பிற' என்பதற்குள் கிடந்தது. கே94.21 அதற்குத் தனி இடம் தந்தது. தொற்றைக் குறிக்கும் கே94.22இன் கீழ், அது வயிற்றுச் சுவரின் தோலடித் தொற்றா, ரத்தத்தில் பரவிய செப்சிஸா என்று கூடுதல் எண்ணால் சுட்ட வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. ஆனால் கே94 என்ற தலைப்பை முழுதாகப் பார்த்தால் படம் மாறுகிறது. பெருங்குடல் துளை, சிறுகுடல் துளை, இரைப்பைத் துளை, உணவுக்குழல் துளை என நான்கு துளைகள் அங்கே இருக்கின்றன. நான்குக்கும் ஒரே ஐந்து அறைகள்: குறிப்பிடப்படாதது, ரத்தக்கசிவு, தொற்று, செயல்பாட்டுக் கோளாறு, பிற. வயிற்றுச் சுவர் வழியாக இரைப்பைக்குள் வைக்கும் பெக் டியூப்பை நேரில் கண்ட அனுபவம் இந்த அறைகளை வகுத்திருந்தால், டியூப்பின் உள்முனைத் தட்டு இரைப்பைச் சுவருக்குள் புதைந்துபோவது போன்ற, அந்த டியூப்புக்கே உரிய சிக்கலுக்கு ஓர் அறையாவது கிடைத்திருக்கும். கிடைக்கவில்லை. மலம் வெளியேற அமைக்கும் துளைக்கும் உணவு உள்ளே போக அமைக்கும் துளைக்கும் ஒரே அச்சு. 1998இன் 536.4கூட, குடல் துளைகளுக்கான 569.6இன் பகுப்பை ஒத்தே அமைந்தது. இந்த ஏடு எண்ணுவது துளையை, குழாயை அல்ல.

குழாய்க்கு டி85.5 இருக்கிறதே என்பது முதல் மறுப்பு. அந்தத் தலைப்பைச் சற்று நின்று படிக்க வேண்டும். உலக சுகாதார சபை 1990இல் ஏற்ற மூல ஐ.சி.டி.-10இல் டி85.5 என்பது இரைப்பை-குடல் பாதையில் பொருத்தப்படும் செயற்கைக் கருவிகளின் இயந்திரவகைச் சிக்கல். அதன் கீழே எடுத்துக்காட்டாக இரண்டே கருவிகள்: பித்தநாளச் செயற்கைக் குழாய், உணவுக்குழலில் அமில எதிரொழுக்கைத் தடுக்கும் கருவி. அமெரிக்கப் பதிப்பு இதை முறிவு, இடப்பெயர்வு, பிற இயந்திரவகைச் சிக்கல் என மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஆறாம் இலக்கம் சேர்த்தது. சுழி என்றால் பித்தநாளக் குழாய், ஒன்று என்றால் எதிரொழுக்குத் தடுப்புக் கருவி, எட்டு என்றால் பிற. மூல ஏட்டில் எடுத்துக்காட்டாக நின்ற இரண்டு பெயர்கள், அதே வரிசையில், மூன்று இடங்களிலும் தனி எண்களாகிவிட்டன. மூக்கு வழியாக வைத்த உணவூட்டும் குழாய் நழுவினால் அதற்குக் கிடைப்பது டி85.528, அதாவது 'பிற'. எதிரொழுக்குத் தடுப்புக் கருவிகளில் அன்று பேர்பெற்றது 1979இல் அறிமுகமான ஆஞ்செல்சிக் சிலிக்கோன் வளையம். இடம் நழுவுவதும் விழுங்கச் சிரமம் தருவதுமாக இருந்ததால் அறுவை மருத்துவர்கள் அதைக் கைவிட்டார்கள். அதே 1979இல் கிளீவ்லாந்தில் காடரரும் போன்ஸ்கியும் முதன்முதலாகச் செய்த பெக் முறை உலகெங்கும் பரவியது. பரவியதற்குப் பெயர் இல்லை, கைவிட்டதன் வகைக்குப் பெயர் இருக்கிறது.

இது தற்செயலாக அமைந்திருக்கலாம், குழு உறுப்பினர்களின் எண்ணத்துக்கு ஏட்டின் வரிசை சாட்சியாகாது என்று சொல்லலாம். வரிசையிலிருந்து நோக்கத்தைப் பெறுவது அனுமானமே. அதைவிட அதிகமாக நான் உரிமை கோரவில்லை. ஆனால் ஒரே இரட்டை ஒரே வரிசையில் மூன்று முறை வருவதைத் தற்செயல் என்பதைவிடப் பழைய எடுத்துக்காட்டு அறையாக மாறியது என்பது எளிய விளக்கம். பிற்காலத்தில் காந்த மணி வளையம் வந்து எதிரொழுக்குக் கருவிக்கு மறுவாழ்வு கிடைத்ததும் உண்மைதான். அமெரிக்க அனுமதி அதற்கு 2012இல் கிடைத்தது. மூல ஏடு அதற்கு இருபதாண்டுக்கும் மேல் மூத்தது. குழாயைத் தனித்துப் பார்க்கும் வழியே அமெரிக்கக் குறியீட்டாளர்களுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. சிகிச்சை முறைகளுக்கான ஐ.சி.டி.-10-பி.சி.எஸ்.இல் தோல் வழியாக இரைப்பைக்குள் வைத்தாலும் மூக்கு வழியாக வைத்தாலும் கருவிக்கான எழுத்து ஒன்றே: ஃபீடிங் கருவி. சிகிச்சை ஏடு குழாயைக் காண்கிறது. நோய் ஏடு காணவில்லை.

இதன் விளைவு துளையே இல்லாத மூக்குக் குழாயில், அதாவது நம் ஆஸ்பத்திரிகளில் ரைல்ஸ் டியூப் எனப்படுவதில், தெளிவாகத் தெரிகிறது. மயக்க மருந்து தரும்போது மூச்சுக்குழாயில் வைக்கும் டியூப் தவறிய இடத்துக்குப் போனால் அதற்கென்று ஒய்65.3 இருக்கிறது. உணவூட்டும் டியூப் நுரையீரலுக்குள் போனால் அதற்கென்று ஓர் எண் இல்லை. அந்த ஆபத்தை எண்ணிய இங்கிலாந்து வேறு வழியாகத்தான் எண்ணியது. 2005க்கும் 2010க்கும் இடையே 21 இறப்புகள் என்றும், 2011 செப்டம்பர் முதல் 2016 மார்ச் வரை 95 நிகழ்வுகள், 32 இறப்புகள் என்றும் அங்கு வெளியான எச்சரிக்கைகளின் கணக்கு ஊழியர்கள் எழுதி அனுப்பிய நிகழ்வு அறிக்கைகளிலிருந்து வந்தது. டியூப்பிலிருந்து உறிஞ்சிய நீரின் பி.எச். 5.5ஐத் தாண்டக் கூடாது, அந்த அளவைக் கேஸ் ஷீட்டில் எழுதவும் வேண்டும் என்ற விதியும் அந்த வழியாகவே வலுப்பெற்றது.

எண் போதவில்லை என்றால் மருத்துவர் விரிவாக எழுதட்டும் என்பது கடைசி மறுப்பு. எழுதத்தான் வேண்டும். சிகிச்சைக்குப் பின் நேர்ந்ததெல்லாம் சிக்கல் ஆகாது, தொடர்பை மருத்துவரின் பதிவே காட்ட வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டி நெறியே சொல்கிறது. "டியூப் மாற்றப்பட்டது" என்று மட்டும் இருந்தால் அது வழக்கமான பராமரிப்பாக இஸட்43.1க்குப் போகும், "டியூப் அடைத்ததால் மாற்றப்பட்டது" என்றால் கே94.23. ஆனால் பெக் டியூப்புக்கு இந்த ஒரு வரி செய்யும் வேலையை மூக்குக் குழாய்க்கு எத்தனை வரி எழுதினாலும் செய்ய முடியாது. 'பிற' என்பதைத் தவிர, அதற்கென்று ஓர் அறை ஏட்டில் இல்லை. 1998 முதல் 2015 வரை நடந்ததை வளர்ச்சி என்று அழைப்பதானால், துளையைப் பற்றிய பதிவின் வளர்ச்சி என்று வரையறுத்தே அழைக்க வேண்டும்.