வக்கீல் செய்த பேட்டரி

புனேயில் எங்கள் குடியிருப்பில் கரண்ட் போனால் கீழே டீசல் ஜெனரேட்டர் உறும ஆரம்பிக்கும். போன வாரம் அந்தச் சத்தத்தில் தூக்கம் போய், சத்தமே போடாமல் கரண்ட் தரும் ஃப்யூயல் செல் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

ஏதோ புதுச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பார்த்தால் 1839! வில்லியம் க்ரோவ் என்ற வேல்ஸ்காரர். தொழில் வக்கீல், பிற்பாடு நீதிபதி. மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரியும் என்பது 1800-லேயே தெரியும். இவர் அதைத் திருப்பிப் போட்டார். இரண்டு குழாய்களில் இரண்டு வாயுக்கள், ஒவ்வொன்றிலும் பிளாட்டினத் தகடு, அடியில் நீர்த்த கந்தக அமிலம். தகடுகளைக் கம்பியால் இணைத்ததும் மின்சாரம் ஓடியது. 1842-ல் இப்படிப் பல செல்களைக் கோர்த்து, அந்தக் கரண்டிலேயே வேறு தண்ணீரைப் பிரித்தும் காட்டினார். என்ன குசும்பு பாருங்கள்.

எப்படி நடக்கிறது? பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிடுகிறது. மிச்சமுள்ள புரோட்டான் அமிலம் வழியே எதிர்ப்பக்கம் போகும். எலக்ட்ரானுக்கு அந்த வழி கிடையாது, வெளிக்கம்பியில் சுற்றித்தான் போகவேண்டும். அந்தச் சுற்றுவழியில்தான் நாம் பல்பை மாட்டுகிறோம். எதிர்ப்பக்கம் ஆக்சிஜனோடு எல்லாம் சேர்ந்தால் தண்ணீர். அவ்வளவுதான்.

சிக்கல் வேறு இடத்தில். வாயு, அமிலம், உலோகம் மூன்றும் சந்திக்கும் மெல்லிய விளிம்பில்தான் வேலை நடக்கும். அதை அகலப்படுத்த பிரான்சிஸ் பேக்கன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1932-ல் இறங்கினார். பிளாட்டினத்துக்குப் பதில் நுண்துளை நிக்கல், அமிலத்துக்குப் பதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 1959-ல் 5 கிலோவாட் எடுத்துக் காட்டினார். 27 வருஷம்! (எங்கள் மேனேஜராக இருந்தால் மூன்றாம் மாதமே கடையைக் கட்டியிருப்பார்.)

அதன் வழிவந்த மூன்று செல்கள்தான் அப்போலோவில் போயின. கரண்டும் குடிதண்ணீரும் ஒரே பெட்டியிலிருந்து. 1970 ஏப்ரலில் அப்போலோ 13-ன் ஆக்சிஜன் தொட்டி வெடித்தபோது இரண்டும் சேர்ந்தே நின்றுபோயின. மூன்று பேரும் நிலவில் இறங்குவதற்காக வைத்திருந்த கலத்துக்குள் ஒதுங்கி, தண்ணீரை அளந்து குடித்து உயிரோடு திரும்பினார்கள். அந்தக் கலத்தில் ஃப்யூயல் செல் இல்லை. சாதாரண வெள்ளி-துத்தநாக பேட்டரிகள்.

நம் இஸ்ரோவும் 2024 ஜனவரியில் பிஎஸ்எல்வி-சி58 மூலம் ஒரு சின்ன செல்லை அனுப்பி, விண்வெளியில் 180 வாட் எடுத்துப் பார்த்தது. எங்கள் வீட்டில் இரண்டு ஃபேன் ஓடும்.