அட்டவணையும் ஆரூடமும்: அமெரிக்கக் கால்பந்தில் சீசனுக்கு முந்தைய கணிப்பின் வரலாறு

மே மாதத்தில், அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.லின் அட்டவணை வெளியான இரவு, ரசிகர் ஒருவர் காகிதமும் பேனாவுமாக உட்காருகிறார். தன் அணியின் பதினேழு ஆட்டங்களையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே வெற்றி, தோல்வி என்று குறித்துக்கொண்டே போகிறார். சொந்த மைதானமா, வெற்றி. பரம எதிரியோடு இரண்டு ஆட்டம், ஆளுக்கு ஒன்று. டிசம்பர் பனியில் வெளியூர்ப் பயணம், மனசில்லாமல் ஒரு தோல்வி. கூட்டிப் பார்த்தால் 11-6. ப்ளேஆஃப் எனும் நாக்-அவுட் சுற்று உறுதி.

இதே வேலையை 32 அணிகளின் ரசிகர்களும் செய்து, எல்லோருக்கும் 11 வெற்றி வந்ததாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 352 வெற்றிகள். ஆனால் ஒரு சீசனில் நடப்பதே 272 ஆட்டங்கள்தான். மீதி 80 வெற்றிகளுக்கு எங்கே போவது? இல்லாத அந்த 80 வெற்றிகளுக்காகத்தான் ஆகஸ்ட் முழுக்கச் சண்டை.

முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இந்த ஆட்டத்தில், அணிகளின் வெற்றி-தோல்விக் கணக்கை முன்கூட்டியே சொல்வது ரசிகர்களின் பிறவிக்குணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணிப்பதற்கு வசதியான கட்டமைப்பை லீக்தான் படிப்படியாக அமைத்துக் கொடுத்தது. கணிப்பு எளிதில் பலிக்காதபடி பார்த்துக்கொண்டதும் அதே லீக்தான். இரண்டும் எப்படி நடந்தன என்பதையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

1920இல் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில், ஒரு கார் விற்பனைக் கூடத்தில் லீக் உருவானபோது யாரும் எதையும் கணித்திருக்க முடியாது. அட்டவணை என்ற ஒன்றே இல்லை. எந்த அணி எத்தனை ஆட்டம் ஆடும் என்பது அந்தந்த முதலாளிகளின் பேரம். இறுதிப் போட்டியும் கிடையாது; வெற்றிச் சதவீதத்தில் முன்னால் நிற்பவர் சாம்பியன். 1925 டிசம்பரில் சிகாகோ கார்டினல்ஸ் அணியை பாட்ஸ்வில் மரூன்ஸ் 21-7 என்று தோற்கடித்தது. பின்தங்கிப்போன கார்டினல்ஸ், அவசர அவசரமாக இரண்டு ஆட்டங்களை ஏற்பாடு செய்து இரண்டிலும் வென்றது. அவற்றில் ஒன்றில், எதிரணியான மில்வாக்கியின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கியவர்களில் நான்கு பேர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். மரூன்ஸோ வேறொரு அணியின் எல்லைக்குள் போய்க் காட்சி ஆட்டம் ஆடியதற்காக லீக்கிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டது. சாம்பியன் பட்டம் கார்டினல்ஸின் பெயரில் பதிவாகியிருக்கிறது. பாட்ஸ்வில்காரர்கள் அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. சீசன் எப்போது முடியும் என்பதே தெரியாத இடத்தில் ஆரூடத்துக்கு என்ன வேலை?

திருப்பம் 1932இல் வந்தது. சிகாகோ பேர்ஸ் ஆறு வெற்றி, ஒரு தோல்வி, ஆறு சமன். போர்ட்ஸ்மத் ஸ்பார்டன்ஸ் ஆறு வெற்றி, ஒரு தோல்வி, நான்கு சமன். சமனில் முடிந்த ஆட்டங்களைக் கணக்கில் எடுக்காத காலம் அது. எனவே இருவரும் சரிசமம். பத்து ஆட்டங்களை வென்றிருந்த கிரீன் பே பேக்கர்ஸ், மூன்றில் தோற்றிருந்ததால் பின்னால் நின்றது. முடிவு காண ஒரு கூடுதல் ஆட்டம் வைத்தார்கள். கடும் பனி, ஆகவே டிசம்பர் 18 அன்று சிகாகோ ஸ்டேடியம் உள்ளரங்கில் ஆட்டம். ஆடுகளம் 80 கெஜத்துக்குச் சுருங்கிவிட்டது. சற்று முன்புதான் அங்கே சர்க்கஸ் நடந்திருந்தது. கொட்டிக் கிடந்த மண்ணில் விலங்குகளின் சாண வாடை. ஸ்பார்டன்ஸின் நட்சத்திரம் டட்ச் கிளார்க் வரவில்லை, ஒரு கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலைக்குப் போய்விட்டார். பேர்ஸ் 9-0 என்று வென்றது. அந்த ஆட்டமும் பட்டியலில் சேர்ந்ததால், தோற்ற ஸ்பார்டன்ஸ் இரண்டாம் இடம்கூட இல்லாமல் மூன்றாவதாகச் சரிந்தது.

இந்த ஒற்றை ஆட்டத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்துத்தான் 1933இல் லீக் இரண்டு பிரிவுகளாகப் பிரிந்து, ஆண்டுதோறும் இறுதிப் போட்டி வந்தது. 1936இல் முதல்முறையாக எல்லா அணிகளும் ஒரே எண்ணிக்கையில், தலா 12 ஆட்டங்கள் ஆடின. என் பார்வையில், கணிப்புக்கலை பிறந்த ஆண்டு இதுதான். எத்தனை ஆட்டம் என்று தெரிந்தால்தானே எத்தனை வெற்றி என்று சொல்ல முடியும்?

சீசனுக்கு முந்தைய கணிப்பு அமைப்பு ரீதியாக முதலில் வேரூன்றியது கல்லூரி ஆட்டத்தில். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1936 முதல் தரவரிசை வாக்கெடுப்பு நடத்திவந்தது. 1950இல் சீசன் தொடங்கும் முன்பே ஒன்றை வெளியிட்டது. அதில் முதலிடம் நோட்டர் டேம். அந்த ஆண்டு அது நான்கில் வென்று, நான்கில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது. முதல் போணியே இப்படி. ஆனாலும் அந்த வாக்கெடுப்பு நின்றுவிடவில்லை, காரணமும் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் சாம்பியனையே வாக்குகள்தான் தீர்மானித்தன. ஆகஸ்டில் மேலே வைக்கப்பட்ட அணி டிசம்பரிலும் மேலே இருக்கும் வாய்ப்பு கூடியது. அங்கே கணிப்புக்கு அதிகாரம் இருந்தது. என்.எஃப்.எல்.லில் அது வெறும் பேச்சு. அதனால்தானோ என்னவோ, இங்கே பேச்சு சுதந்திரமாக வளர்ந்தது.

1966 வரை என்.எஃப்.எல். கணிப்பு என்பது இரண்டே பெயர்களைச் சொல்வதுதான்: கிழக்கில் யார், மேற்கில் யார். பாதி சீசனிலேயே பெரும்பாலான அணிகளின் கதை முடிந்துவிடும். போட்டி லீக்கான ஏ.எஃப்.எல்.லோடு இணைப்பு நிறைவேறிய 1970இல், 26 அணிகளில் எட்டுக்கு ப்ளேஆஃப் இடம் கிடைத்தது. பிரிவில் முதலிடம் பிடிக்காதவர்களுக்கும் 'வைல்டு கார்டு' என்ற வாசல் திறந்தது. 1978இல் பத்து, 1990இல் பன்னிரண்டு, 2020இல் பதினான்கு. ஒவ்வொரு முறை வாசல் அகலமானபோதும், 'நாங்களும் உள்ளே போவோம்' என்று நியாயமாக வாதாடக்கூடிய ஊர்கள் பெருகின. இப்போது ஏறக்குறைய பாதி லீக் உள்ளே போகிறது. வாதாட யாருக்குத்தான் கசக்கும்?

1978இல் நடந்த இன்னொரு மாற்றம் அதைவிட முக்கியமானது. ஆட்டங்கள் 14இலிருந்து 16ஆகின. யார் யாரோடு மோதுவது என்பதை முந்தைய ஆண்டின் இடமே தீர்மானிக்கத் தொடங்கியது. முதலிடம் பெற்றவருக்கு முதலிடக்காரர்கள், கடைசியில் நின்றவருக்குக் கடைசிக்காரர்கள். 2002இல் எட்டுப் பிரிவுகளாக மாறிய பிறகு இந்தச் சூத்திரத்தின் பங்கு இரண்டு ஆட்டங்களாகக் குறைந்தது. 2021இல் பதினேழாவது ஆட்டம் வந்தபோது மூன்றானது. மற்ற எதிராளிகள் சுழற்சி முறையில் வருகிறார்கள். ஆக, ஜனவரியிலேயே அடுத்த சீசனின் எதிரிகள் தெரிந்துவிடுகிறார்கள். தேதிக்குத்தான் மே வரை காத்திருக்க வேண்டும். 'நமக்கு இந்த வருஷம் லேசான அட்டவணை' என்ற வாதத்துக்கு மூலம் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் இதே ஏற்பாடுகள் வலியவரை இழுத்துப் பிடிக்கவும் மெலியவரைத் தூக்கிவிடவும் செய்யப்பட்டவை. 1936இல் தொடங்கிய வீரர் தேர்வில் கடைசி அணிக்கே முதல் உரிமை. 1994இல் வந்த சம்பள உச்சவரம்பு, பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் வளைத்துப்போடும் வழியை அடைத்தது. விளைவு கண்கூடு: 1990 முதல் 2024 வரை ஒவ்வொரு சீசனிலும், முந்தைய ஆண்டு ப்ளேஆஃபுக்கு வராத அணிகளில் குறைந்தது நான்கு உள்ளே வந்திருக்கின்றன. 'போன வருஷம் போலவே' என்று எழுதுகிறவர் நான்கு இடங்களைத் தொடக்கத்திலேயே இழக்கிறார்.

சூதாட்டக்காரர்களின் கணக்கு தனிக் கதை. 1940களில், சிகாகோவில், முன்பு கணித ஆசிரியராக இருந்த சார்லஸ் மெக்நீல்தான் புள்ளி வித்தியாசப் பந்தயத்துக்கு வடிவம் கொடுத்தவர் என்று சொல்லப்படுகிறது. சீசன் வெற்றி எண்ணிக்கை மீதான பந்தயமும் பின்னால் சேர்ந்தது: ஓர் அணிக்கு 8.5 என்று போடுவார்கள், மேலா கீழா என்று நீங்கள் சொல்ல வேண்டும். எந்த அணியும் எட்டரை ஆட்டம் வெல்லாது. யாரும் தப்பிக்காமலிருக்கத்தான் அந்த அரை. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பந்தயத்தை அனுமதிப்பதா என்ற முடிவை அந்தந்த மாநிலங்களிடமே விட்ட பிறகு, ரசிகர்கள் மல்லுக்கட்டும் பொது எண்ணாக இதுவே ஆகிவிட்டது.

புள்ளியியலின் வருகை வாதத்தின் மொழியை மாற்றியது. சின்சினாட்டி அணியின் குவார்ட்டர்பேக் (பந்தெறிந்து தாக்குதலை வழிநடத்துபவர்) விர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மாகோலுடன் சேர்ந்து 1971இல் எழுதிய ஆய்வு, களத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று கணக்கிட்டது. 1988இல் கரோல், பால்மர், தோர்ன் மூவரும் எழுதிய புத்தகம் இந்தச் சிந்தனையை ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது. வெற்றிகளைவிட, எடுத்த புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசமே அடுத்த ஆண்டைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது இப்போது பாமர ரசிகருக்கும் பாடம். 2022 மின்னசோட்டா வைக்கிங்ஸ் இதற்குப் பொருத்தமான உதாரணம். 13-4 என்று பிரிவை வென்றது. ஆனால் எடுத்தது 424 புள்ளி, கொடுத்தது 427. எட்டுப் புள்ளிக்குள் முடிந்த பதினோரு ஆட்டங்களிலும் அதற்கே வெற்றி. அதிர்ஷ்டம் தீரும் என்றார்கள் கணக்காளர்கள். 2023இல் 7-10. கணக்கு ஜெயித்ததா? பாதி சீசனில் குவார்ட்டர்பேக் கிர்க் கசின்ஸின் குதிகால் தசைநார் அறுந்ததையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வைக்கிங்ஸ் ரசிகர் சேர்த்துத்தான் சொல்வார்.

காயம் எந்தச் சூத்திரத்துக்கும் அடங்குவதில்லை. 1999 ஆகஸ்டில், பயிற்சி ஆட்டம் ஒன்றில் செயின்ட் லூயிஸ் ராம்ஸின் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீன் முழங்கால் போய் விழுந்தார். முந்தைய ஆண்டு 4-12 என்று முடித்த அணி அது. மாற்றாக வந்தவர் கர்ட் வார்னர், சில ஆண்டுகளுக்கு முன் அயோவாவில் மளிகைக் கடை அலமாரிகளில் சரக்கு அடுக்கியவர். ராம்ஸ் 13-3, சூப்பர் பவுல் கோப்பை.

பயிற்சி ஆட்டங்களைப் பார்த்துச் சொல்லலாமே என்றால், 2008 டெட்ராய்ட் லயன்ஸ் நான்கு பயிற்சி ஆட்டங்களையும் வென்று, சீசனில் பதினாறையும் தோற்றது. 2017 கிளீவ்லாந்து பிரவுன்ஸும் அச்சு அசலாக அப்படியே.

2011இல் மாஸி, சிம்மன்ஸ், ஆர்மர் ஆகியோர் வெளியிட்ட உளவியல் ஆய்வு, ரசிகர்களை ஒரு சீசன் முழுக்க வாரந்தோறும் கணிக்க வைத்தது. தம் அணி மீது வைத்த மிகை நம்பிக்கை, வாரம் வாரம் அடிபட்டும் கடைசிவரை கரையவில்லை. கிளீவ்லாந்துக்காரர்களிடம் கேட்டிருந்தால் ஆய்வே தேவைப்பட்டிருக்காது. 0-16க்குப் பிறகு, 2018 ஜனவரியின் உறைபனியில் அவர்கள் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். ஊர்வலத்தின் பாதையே ஒரு பூஜ்ஜியம். 2019இல் நட்சத்திர வீரர் ஓடெல் பெக்கமை வாங்கியதும், பதினாறு சீசன்களாக ப்ளேஆஃப் பார்க்காத அணியை ஊடகங்களும் ரசிகர்களும் ஆகஸ்டிலேயே கோப்பைக்காரர்கள் ஆக்கினார்கள். முடிவு 6-10. அடுத்த ஆண்டு ஆரவாரம் அடங்கியிருந்தது. பிரவுன்ஸ் 11-5 என்று முடித்து, ப்ளேஆஃபின் முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க்கை அதன் சொந்த மண்ணிலேயே 48-37 என்று வென்றது.