வைரம் மீக்கடத்தியான வரலாறு

ஹாலந்து தேசத்து லைடன் நகரில் 1908ஆம் ஆண்டு ஹீலிய வாயுவை முதன்முதலாகத் திரவமாக்கிய பேராசிரியர் கமர்லிங் ஓன்னஸ், 1911இல் அக்கடுங்குளிரில் பாதரசத்தைச் சோதித்து, தனிச்சூன்ய வெப்பநிலைக்கு மேல் ஏறத்தாழ 4.2 டிகிரியில் அதன் மின்தடை அறவே மறைந்துபோவதைக் கண்டார். மீக்கடத்தல் என்னும் அந்த அற்புத குணம் பின்னர் வெளிப்பட்ட ஈயமும் வெள்ளீயமுங்கூட, கத்திக்கு எளிதில் இணங்கும் மென்மையான உலோகங்களே.

பெர்லினில் வால்ட்டர் மைஸ்னர், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், உலோகங்கள் கார்பனோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து உண்டாகும் கூட்டுப்பொருள்களைப் பரீட்சித்தபோதுதான், எஃகையும் கீறவல்ல கடினப் பொருள்கள் இவ்வரலாற்றுள் பிரவேசித்தன. அவற்றுள் நயோபியம் கார்பைடு 10 டிகிரியை ஒட்டியும், 1941இல் ஜெர்மானியர் ஆராய்ந்த நயோபியம் நைட்ரைடு 15 டிகிரியை ஒட்டியும் மின்தடையைத் துறந்தன.

மின்தடை இவ்வாறு மறைவதன் காரணம் 1957இல் அமெரிக்காவின் இல்லினாய் சர்வகலாசாலையைச் சார்ந்த பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகிய மூவர் வகுத்த சித்தாந்தத்தால் துலங்கிற்று. படிகத்தின் அதிர்வுகளே எலெக்ட்ரான்களை இணை இணையாகக் கூட்டுவிக்கின்றன என்றும், இலேசான அணுக்கள் வலிய பிணைப்பால் கட்டுண்டிருக்குமாயின் அவ்வதிர்வுகள் மிக்க வேகமுடையனவாய் மீக்கடத்தலுக்குத் துணைநிற்கும் என்றும் அறிந்தபோது, இலேசான அணுக்களும் வலிய பிணைப்பும் ஒருங்கே அமைந்த வைரத்தின்மேல் கருத்துச் செல்வது இயல்பே. எனினும் வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் தன் வெளிக்கூட்டு எலெக்ட்ரான்கள் நான்கையும் அயலணுக்களோடு பிணைப்பதிலேயே செலவிட்டுவிடுவதால், மின்சாரமாய் ஓடுதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. கடினத்தை அளிக்கும் கட்டே கடத்தலைத் தடுக்கும் தளையாகவும் நிற்கிறது.

அத்தளையை நெகிழ்த்தியது போரான். கார்பனைவிட ஓர் எலெக்ட்ரான் குறைந்த இவ்வணு, கார்பனின் ஸ்தானத்தில் அமர்ந்து, அயல் எலெக்ட்ரான்கள் நகர்ந்து நிரப்பக்கூடிய ஒரு வெற்றிடத்தைப் பிணைப்பில் உண்டாக்குகிறது. இயற்கையில் சில வைரங்களுக்கு நீலவண்ணம் தருவதும் இதுவே. சிறிதளவு கலந்தால் வைரம் குறைகடத்தியாகும். மிகுந்தால் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும். மாஸ்கோவுக்கு அருகில் திரோயிட்ஸ்க் நகரத்து உயரழுத்தப் பௌதிக நிலையத்தைச் சேர்ந்த எகிமோவும் அவருடைய சகாக்களும், கிராஃபைட்டைப் போரான் கார்பைடோடு வைத்து, வாயுமண்டல அழுத்தத்தினும் ஏறத்தாழ 80,000 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்திலும், 2,200 சென்டிகிரேடு டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் உருவாக்கிய, நூற்றுக்கு மூன்று பங்கை நெருங்கிய போரான் செறிந்த வைரம், தனிச்சூன்யத்துக்கு மேல் 4 டிகிரியை ஒட்டி மீக்கடத்தியாயிற்று என்று 2004இல் அறிவித்தனர். விரைவில் ஜப்பானியர், வாயுவினின்று படியவைத்த வைரப்படலங்களில் இதனினும் உயர்ந்த வெப்பநிலையை எய்தினர்.

அளவால் சிறிதாயினும் இவ்வெற்றி, பிணைப்பைக் குலைக்காமலே எலெக்ட்ரானுக்கு வழிவிட இயலும் என்பதை ஸ்தாபித்தது. ஆதலின் கடினமும் மீக்கடத்தலும் ஒருங்கே வாய்ந்த பொருளைச் சமைக்க விரும்புவோர், எந்த அந்நிய அணுவை எவ்வளவு ஏற்றால் படிகம் நிலைகுலையாது என்பதை முதலில் கணித்தறிந்து, அதன்பின்னரே உலையை மூட்டுதல் வேண்டும்.