தலைப்பேறும் தாய்வீடும்

வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு ரயிலேற்றும் வழக்கம் ஈஜிபுராத் தமிழரிடையே இன்றும் உண்டு. புகுந்த வீட்டில் ஓய்வு கிட்டாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் போலும்! மருத்துவ வசதியும் அங்கே முந்தியது. சென்னையில் 1844-இலேயே பிரசவ மருத்துவமனை தோன்றி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்றது. அங்குப் பணியாற்றிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியாரின் பிரசவ மருத்துவ நூல், 1938-இல் வெளிவந்தது, இன்றும் புதுப்பதிப்புக் காண்கிறது. பெங்களூரில் வாணி விலாஸ் மருத்துவமனை எழுந்தது 1935-இல்.

கால் வீங்குவது பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்பே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். ஆனால் அதனுடன் இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதமும் கண்டால், வலிப்பு வரக்கூடும். பாட்டிமார் ஜன்னி என்றஞ்சியவற்றுள் இதுவும் ஒன்று. அவ்வலிப்பு மீளாமல் தடுக்க மக்னீசியம் சல்பேட்டே சிறந்ததென்பதை 1995-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு நிறுவியது. இந்திய மருத்துவமனைகளும் அதில் பங்குகொண்டன.

இத்தகைய பெண்ணை இரவு ரயிலில் அனுப்பினால், வழியில் வலிப்புக் கண்டால் ஊசி போடுவார் யார்? 1963-இல் தொடங்கப்பெற்ற புனித ஜான் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை ஈஜிபுராவுக்கு அண்மையிலேயே இருக்கிறது. அந்த ரயிலில் தாயார் இங்கு வரலாமே.